குளிர்காலக் கணவாயில் கேம்பர்வேன்: ஒரு நாளைக் கையிருப்பில் வையுங்கள்

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினாலே செங்காங் வட்டாரத்தில் நியூசிலாந்துப் பேச்சு தொடங்கிவிடும். நமக்கு வெயில் கொளுத்தும் அந்த மாதத்தில் அங்கு குளிர்காலம். பிள்ளைகள் பனியைத் தொட்டுப் பார்க்கலாம். கேம்பர்வேன் எடுத்தால் படுக்கையும் சமையலறையும் கூடவே வரும். பாட்டிக்கு ரசம் சோறும் தட்டாது. பல குடும்பங்களின் கணக்கு இதுதான்.

அப்படி ஒரு குடும்பம் போட்டிருந்த எட்டு நாள் பயணத் திட்டத்தை அண்மையில் பார்த்தேன். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெக்காப்போ, குவீன்ஸ்டவுன், மில்ஃபர்ட் சவுண்ட் செல்வது. பிறகு மேற்குக் கடற்கரை வழியாகத் திரும்புவது. கடைசி நாள் காலை கிரேமவுத்திலிருந்து புறப்பட்டு ஆர்தர்ஸ் கணவாயைக் கடந்து, மாலைக்குள் வாகனத்தை ஒப்படைத்து, மறுநாள் காலை விமானம் ஏற வேண்டும். அந்தக் கடைசி நாளில் பனிப்பொழிவால் கணவாய் மூடப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் திட்டத்தில் இடமில்லை.

பழகிய சாலை போலத் தோன்றும்

சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டர்தான். ஆர்தர்ஸ் கணவாய் 920 மீட்டர், லிண்டிஸ் கணவாய் 971 மீட்டர். குவீன்ஸ்டவுனையும் வானாக்காவையும் இணைக்கும் கிரவுன் ரேஞ்ச் சாலை 1,076 மீட்டர் வரை ஏறுகிறது.

அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். நமது ஓட்டுநர் உரிமமும் செல்லும். அதனால் தெம்பனிஸ் விரைவுச்சாலையில் ஓட்டுவதுபோல ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வாகனத்திற்கு நெடுஞ்சாலையிலும் வேக வரம்பு மணிக்கு 90 கிமீ. மலையில் அதைவிட மெதுவாகவே செல்ல முடியும். வரைபடச் செயலி காட்டும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கரும்பனி

விழுந்து கிடக்கும் வெண்பனி கண்ணுக்குத் தெரியும். ஆபத்து அதிகம் கரும்பனியில்தான். பகலில் உருகிச் சாலையில் வழியும் நீர், இரவில் கண்ணாடிபோல் உறைந்துவிடும். அடியில் உள்ள தார் அப்படியே தெரிவதால் சாலை வெறுமனே ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். வெயில் படாத வளைவுகளிலும், மேலும் கீழும் காற்றுபட்டு விரைவில் குளிரும் பாலங்களிலும் இது அதிகம். உறைந்த சாலையில் வாகனம் நிற்கத் தேவைப்படும் தூரம், வழக்கத்தைவிடப் பத்து மடங்குவரை கூடலாம்.

ஜூன் மாதத்தில் குவீன்ஸ்டவுனில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகே எழும். மாலை ஐந்து மணியளவில் மறைந்துவிடும். எனவே கணவாயைக் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் கடப்பது நல்லது.

சங்கிலி, பனிச்சரிவு

வாகனத்தை எடுக்கும்போதே பனிச் சங்கிலி இருக்கிறதா, அதை முன்சக்கரங்களில் மாட்டுவதா பின்சக்கரங்களில் மாட்டுவதா என்று கேளுங்கள். வாகன நிறுத்துமிடத்திலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். சங்கிலியுடன் மணிக்கு 40 கிமீக்குமேல் செல்லக்கூடாது. எந்தச் சாலைகளுக்குக் காப்புறுதி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குவீன்ஸ்டவுன் அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலைக்குப் பொதுவாகக் காப்புறுதி கிடைக்காது.

மில்ஃபர்ட் சாலையில் பனிச்சரிவு அபாயமும் உண்டு. 1983ல் அங்கு சாலைப் பணியாளர் ஒருவர் பனிச்சரிவில் உயிரிழந்தார். அதற்குப் பிறகே முறையான கண்காணிப்புத் திட்டம் வந்தது. அபாயம் கூடினால் சாலையை மூடிவிட்டு, ஹெலிகாப்டரிலிருந்து வெடிபொருள் போட்டுப் பனியைச் சரியவைப்பார்கள். மே முதல் நவம்பர் வரை, சங்கிலி எடுத்துச் செல்லும்படி அறிவிப்புப் பலகை இருந்தால் அது சட்டப்படி கட்டாயம். ‘நிறுத்தக்கூடாது’ என்ற பகுதிகளில் படம் எடுக்கக்கூட நிற்காதீர்கள். டெ அனாவில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.

வாகனத்திற்குள் கவனம்

குளிர் தாங்கவில்லை என்று எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. மூடிய வாகனத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். சூடேற்றும் கருவியை மட்டுமே பயன்படுத்துங்கள். சமைக்கும்போது சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

ஸ்டீம்போட்டுக்கு நாம் பயன்படுத்தும் சிறிய அடுப்பில் இருப்பது பியூட்டேன் வாயு. உறைநிலைக் குளிரில் அது சரிவர எரியாது. டீசலும் கடுங்குளிரில் கெட்டியாகலாம் என்பதால், மலைப்பகுதி ஊர்களில் விற்கப்படும் குளிர்கால டீசலை நிரப்புவது நல்லது.

காலையில் முதல் வேலை

நியூசிலாந்துப் போக்குவரத்து அமைப்பு எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை இணையத்தில் தெரிவிக்கிறது. வானிலை நிலையமான மெட்சர்விஸ், கணவாய் வாரியாகப் பனிப்பொழிவு எச்சரிக்கை விடுக்கிறது. புறப்படுமுன் இரண்டையும் பாருங்கள். மலையில் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பு கிடைக்காது. எனவே போர்வை, தண்ணீர், உணவு, மருந்து ஆகியவை கையருகில் இருக்கட்டும். அவசர உதவிக்கு 111.

ஆர்தர்ஸ் கணவாய் மூடினால் லூயிஸ் கணவாய் வழியாக வரலாம். ஆனால் அது சுற்றுவழி. அதே பனியில் அதுவும் மூடக்கூடும். அப்போது காத்திருப்பதுதான் ஒரே வழி. விமானத்தைத் தவறவிடுவோம் என்ற பதற்றம், காத்திருக்க வேண்டியவரையும் மலையேற வைத்துவிடும்.

நான் பார்த்த குடும்பம் திட்டத்தை மாற்றிவிட்டது. மில்ஃபர்டை இம்முறை விட்டுவிட்டார்கள். ஆர்தர்ஸ் கணவாயை ஆறாம் நாளே கடப்பார்கள். ஏழாம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. சாலை திறந்திருந்தால் அன்று கிறைஸ்ட்சர்ச்சைச் சுற்றிப் பார்ப்பார்கள். மூடியிருந்தால் கிரேமவுத்தில் பாட்டியுடன் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.