பூதகணங்களின் கூத்து

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் கழுகுமலை. அங்கே 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய வெட்டுவான் கோயில், வேலை முடியாமலே நிற்கிறது.

கூரை விளிம்புக்குக் கீழே பூதகணங்களைப் பாருங்கள். குட்டைக் கால், பானை வயிறு, உப்பிய கன்னம். ஒன்று ஆடுகிறது, ஒன்று வாத்தியம் இசைக்கிறது.

சிற்ப நூல்களில் முகத்தின் நீளம்தான் ஒரு தாளம். பெருந்தெய்வங்களின் உயரம் பத்துத் தாளம், பூதங்களுக்கு அதில் பாதிகூட இல்லை. மேலே உமையோடு அமர்ந்திருக்கும் சிவனுக்கு ஒடுங்கிய இடை, நீண்ட கைகால். அளவில்தான் இந்த ஏற்றத்தாழ்வு. உழைப்பில் இல்லை. அந்தக் குட்டை உடம்புகளையும் சிற்பி அவ்வளவு ஆசையாக வடித்திருக்கிறார். ஏளனம் துளியும் கிடையாது. மலையேறினால் அவசரப்படாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்து வாருங்கள்.