ஒன்றரைக்கும் நாலரைக்கும் நடுவே

காலநிலை அறிக்கைகளில் பளிச்சென்று ஓர் எண்ணைப் பார்த்தால் போதும், இது எங்கே பிறந்தது, யார் யார் இதற்காகச் சண்டை போட்டார்கள் என்று உள்ளே எட்டிப் பார்க்க மனசு துடிக்கும். அதிலும் இந்த எண்ணின் கதை இருக்கிறதே, அடேயப்பா! காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடேறும்? கேள்வி ஒரே வரிதான். அதற்கு நாற்பது வருஷத்துக்கும் மேலாக வாக்குவாதம். வாருங்கள், உள்ளே போகலாம்.

1979 ஜூலை. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஜூலை 15 இரவு அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொலைக்காட்சியில் தோன்றி, நிலக்கரியிலிருந்தே எரிபொருள் தயாரிப்போம் என்கிறார். அடுத்த வாரமே அட்லாண்டிக் கரையோரம் வுட்ஸ் ஹோலில், ஜூல் சார்னி தலைமையில் ஒன்பது விஞ்ஞானிகள் கூடுகிறார்கள். கரியமில வாயுவைப் பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள் என்று கார்ட்டரின் அறிவியல் ஆலோசகரே கேட்டிருந்தார். அவர்களிடம் இருந்தவை இரண்டே குழுக்களின் கணினி மாதிரிகள். பிரின்ஸ்டனில் சியுகுரோ மனாபே செய்தது ஏறக்குறைய 2 டிகிரி என்றது. நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹான்சன் செய்தது 4 என்றது. ஹான்சனின் அலுவலகம் ஓர் உணவகத்துக்கு மேல்மாடி. கீழே காபி, மேலே பூமியின் எதிர்காலம்! சார்னி என்ன செய்தார் தெரியுமா? மனாபே பிற்பாடு சொன்னபடி, சின்ன எண்ணிலிருந்து அரை டிகிரி கழித்தார், பெரிய எண்ணோடு அரை டிகிரி கூட்டினார். ஒன்றரை முதல் நாலரை. நடுவில் 3.

அவ்வளவுதான்! 2013-ல் ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசி வெளியிட்ட தடிமனான அறிக்கையிலும் அதே ஒன்றரை, அதே நாலரை. எத்தனையோ மடங்கு பெரிய கணினிகள் வந்தும் இடைவெளி குறையவில்லை. அந்த வீச்சுக்குள்தான் எரிசக்திக் கொள்கையின் தலையெழுத்தே இருந்தது. ஒன்றரை என்றால் நிலக்கரி நிலையங்களை மூட அவகாசம் இருக்கிறது என்று ஒரு தரப்பு வாதாடலாம். நாலரை என்றால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

முட்டுக்கட்டை போட்டது மேகம். வெப்பமண்டலக் கடல்கள்மேல் பஞ்சுப் பொதிபோல் மிதக்குமே, அந்தக் குட்டி மேகங்கள்தான். கடல் சூடானால் காற்று அதிகம் கலந்து, மேகத்தின் அடிவாரம் காய்ந்து, மேகமே கலைந்துபோகும். மறைப்பு இல்லாத கடல் இன்னும் வெயிலை விழுங்கும் என்றன சில மாதிரிகள். நிஜமா? நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம்!

2020 ஜனவரி, பார்படோஸ் தீவு. சாண்ட்ரின் போனி, பியோர்ன் ஸ்டீவன்ஸ் இருவரும் முன்நின்று நடத்திய ஆய்வு. ஹாலோ என்ற ஜெர்மானிய விமானம் உயரத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அதிக விட்டமுள்ள வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். சுற்றுக்குப் பன்னிரண்டு கருவிகள், குட்டிப் பாராசூட்டோடு கீழே விழுகின்றன. விழுந்துகொண்டே ஈரம், வெப்பம், காற்று என்று சேதி அனுப்புகின்றன. எதற்கு வட்டம்? காற்று அங்கே மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் அத்தனை மெதுவாக; நேரடியாக அளக்கவே முடியாது. வட்டத்தின் ஓரம் முழுக்கக் காற்று உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று கணக்கெடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். என்ன மூளை! கீழே இன்னொரு விமானம், பிரான்சுடையது, மேகங்களின் அடிவாரத்திலேயே பறந்து, லேசர் கதிரைப் பக்கவாட்டில் பாய்ச்சி எத்தனை மேகம் என்று அளக்கிறது.

விடை 2022-ல் வந்தது. காற்று அதிகம் கலந்தபோதும் மேகங்கள் காய்ந்துபோகவில்லை. கலக்கும் காற்று கீழிருந்து ஈரத்தையும் ஏற்றிவந்து ஊட்டிவிடுகிறது. அந்த மேகங்கள் பெருமளவில் கலையும் என்ற பயங்கரக் கணக்கு நிற்கவில்லை.

அதற்குள் இன்னொரு பரபரப்பு. பிரிட்டன், கனடா உள்ளிட்ட நாடுகளின் புதிய மாதிரிகள் 5 டிகிரிக்கும் மேல் காட்டின! விஞ்ஞானிகள் அவற்றை அப்படியே சராசரிக்குள் போட்டுவிடவில்லை. ஸ்டீவன் ஷெர்வுட்டும் சகாக்களும் பனியுகச் சான்றுகளையும், தொழிற்புரட்சிக்குப் பிந்தைய வெப்பப் பதிவுகளையும், மேக இயற்பியலையும் ஒன்றோடொன்று மோதவிட்டு 2020-ல் ஒரு கணக்கு சொன்னார்கள். பவேரியாவில் ஒரு மலைக்கோட்டையில் 2015-ல் கூடிப் பேசித் தொடங்கிய வேலை அது. மறு ஆண்டே ஐபிசிசியும் வீச்சைச் சுருக்கியது: பெரும்பாலும் இரண்டரை முதல் 4 வரை. நடுவில் அதே 3. சார்னி, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்!

எனக்கு இதில் பெரிய சேதி கீழ் முனைதான். ஒன்றரைக்குக் கீழே போக வழியே இல்லை என்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. மேல் முனையில்தான் இன்னும் சண்டை. 'விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே' என்று யாராவது சொன்னால், எந்த முனையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேளுங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு மடங்கு என்றால் 560. பாதி வழி வந்தாயிற்று.