கோப்பி மெசினும் கிணற்று நீரும்

வலிகாமத்தில் நான் சந்திக்கும் குடும்பங்களில் ஒன்று. கணவரை இழந்த அக்கா கோப்பி விற்றே மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். வெளிநாட்டுத் தம்பி கொடுத்த மெசின், சில மாதங்களில் சொட்டுச் சொட்டாக வடியத் தொடங்கியது. திருத்துபவர் திறந்துகூடப் பார்க்காமல், "புதிது வாங்குங்கோ" என்றார். பெண்கள் தனியே போனால் இப்படித்தான் பதில் கிடைக்கிறது.

பழுது மெசினில் இல்லை, தண்ணீரில். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கிணற்று நீரைச் சூடாக்கும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து வெள்ளைப் படையாக ஒட்டிக்கொள்ளும். கேத்திலின் அடியில் நாம் காண்பதும் இதுவே. படை தடித்தால் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாது. மின்சாரம் வீணாகும், கடைசியில் மெசினே எரிந்துபோகும்.

வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து தொட்டியில் ஊற்றினோம். பாதி இறங்கியதும் நிறுத்தி, அரை மணி நேரம் விட்டு, மிகுதியை ஓடவிட்டோம். வெள்ளைத் தூள் வந்து விழுந்தது. பின்பு வெறும் தண்ணீரை மூன்று தடவை ஓடவிட, வாடையும் போனது. தேசிக்காய்ச் சாறும் உதவும். நன்றாக வடிக்காவிட்டால் சக்கை குழாயை அடைக்கும். கிணற்றுக்குப் போடும் குளோரினை மட்டும் வினாகிரியுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

வடிகூடையையும் சாடியையும் அன்றன்றே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கோப்பியின் எண்ணெய் தங்கினால் மறுநாள் கோப்பி கசக்கும்.

அக்கா இப்போது முதல்நாள் இரவே விறகடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்ததை மட்டும் எடுக்கிறார். மாதம் ஒருமுறை வினாகிரி. அதே மெசின்தான் ஓடுகிறது.