சிறுநீரில் ரத்தம்: வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

சிறுநீர் சிவப்பாகப் போனால் நம் தோட்டத்து வீடுகளில் முதலில் வரும் பேச்சு "உடம்பு சூடு" என்பதுதான். இளநீர், பார்லித் தண்ணீர், இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்துவிட்டால், இளநீர் கேட்டுவிட்டது என்று எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஏமாற்றுவது இங்கேதான். கட்டியிலிருந்து கசியும் ரத்தம் தானாகவே நின்று, சில வாரமோ சில மாதமோ கழித்துத் திரும்ப வரும். பெரும்பாலும் வலி இருக்காது. வலியோடு வந்தால் கல்லாகவோ கிருமித்தொற்றாகவோ இருக்கலாம். வலியே இல்லாமல் வரும் ரத்தத்தைத்தான் மருத்துவர்கள் அதிகம் சந்தேகிக்கிறார்கள். பெண்களுக்குக் கிருமித்தொற்று என்றே மருந்து கொடுத்துக் கொடுத்து நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதும் உண்டு. (முதல்நாள் சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டிருந்தாலும் நிறம் மாறும். சிறுநீரைச் சோதித்தால் அது ரத்தமா இல்லையா என்று தெரிந்துவிடும்.)

இந்த நோய்க்கு முதல் காரணம் சிகரெட். புகையில் உள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக இறங்கிச் சிறுநீர்ப்பையில் தங்குகிறது. அமெரிக்காவில் நாலரை லட்சத்துக்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு எனத் தெரிந்தது.

கெடாவில் இருக்கும் நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ரப்பரால் வருமா? பால்மரம் சீவுபவர்கள் பயப்பட வேண்டாம். ஆதாரம் இருப்பது டயர் போன்ற ரப்பர் பொருள் செய்யும் தொழிற்சாலைகளைப் பற்றி. பிரிட்டனில் ரப்பரில் கலந்துவந்த ஒரு ரசாயனம் தொழிலாளர்களுக்கு இந்தப் புற்றுநோயைத் தந்ததால் 1949-இல் கைவிடப்பட்டது. அப்படிப்பட்ட தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிச் சிறுநீரைச் சோதிக்கலாம். ரத்தம் உறுதியானால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். அங்கே கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே விட்டுப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியில் சுரண்டி எடுக்கலாம். கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று பேருக்குக் கட்டி தசைக்குள் இறங்கியிருப்பதில்லை.

திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அடுத்து வருவது பிசிஜி. ஆமாம், நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் காசநோய்க்குப் போடும் அதே பிசிஜி. கனடா மருத்துவர் அல்வாரோ மொராலெஸ் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் அதைச் செலுத்திப் பார்த்து, 1976-இல் முடிவை வெளியிட்டார். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். கிருமி வந்துவிட்டது என்று உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்து, புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகிறது. பிறகு பெரிய ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. இன்றும் அதுவே முதன்மை மருந்து.

பலர் கோட்டை விடுவது சிகிச்சைக்குப் பிறகுதான். கட்டி திரும்பி வரக்கூடியது என்பதால் முதலில் மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் கேமராப் பரிசோதனை உண்டு. ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டால், அடுத்த கட்டி தசைக்குள் இறங்கியிருக்கலாம். அப்போது சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டி வரும்.