அமுங்கிக் கிடக்கும் சுருள்வில்

மெரினா கடற்கரையில் பலூன் சுடுகிறோமே, அந்த ஏர் கன்னுக்குள் வெடிமருந்து கிடையாது. கெட்டியான சுருள்வில்தான் இருக்கிறது. குழலை மடக்கினால் பிஸ்டன் பின்னால் போய் வில் அமுங்கும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை அழுத்த, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு பறக்கும்.

எங்காவது சிக்கிக்கொண்டால் பலரும் உடனே ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறார்கள். அதுதான் ஆபத்து!

மடக்காத துப்பாக்கியிலும் வில் ஓரளவு அழுத்தத்திலேயே இருக்கும். பின்மூடியின் கடைசி ஊசியை உருவியதும் மூடியும் வில்லும் முகத்தை நோக்கிச் சீறிவரலாம். அதனால்தான் கைதேர்ந்த மெக்கானிக்குகள் நீளமான கிளாம்ப்பில் துப்பாக்கியைப் பொருத்தி, மூடியை அழுத்திப் பிடித்தபடி ஊசியை எடுக்கிறார்கள். பிறகு கிளாம்ப்பின் திருகைச் சுற்றுச் சுற்றாக, பொறுமையாகத் தளர்த்துகிறார்கள்.

மடக்கிய நிலையிலேயே இறுகிவிட்டதா? வீட்டில் கழற்றவே வேண்டாம். குழல் சட்டென மூடினால் விரல் நசுங்கிவிடும். குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.