கையில் கட்டும் மணிக்கூட்டுக்கு எத்தனை மணி நேர உழைப்பு?

ஜெனிவா நகரின் றோன் வீதியால் நடந்து செல்பவர்கள், அங்குள்ள கடிகாரக் கடைகளின் முன் ஒரு கணமாவது தரித்து நிற்பதுண்டு. அண்மையில் எமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவருடன் நாமும் அவ்வாறு நிற்க நேர்ந்தது. நீண்ட காத்திருப்பின் பின்னர் அவருக்கு வதிவிட அனுமதி கிடைத்திருந்தது. உணவகமொன்றின் சமையலறையில் வேலை. பயண முகவருக்குக் கொடுப்பதற்காகப் பட்ட கடன் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. அவர் கண் வைத்திருந்த கடிகாரத்தின் விலை 6,000 பிராங்.

"அண்ணை, தவணைக் காசுக்கும் தருவினமாம். வேண்டலாமோ?" என்று கேட்டார்.

ஊதாரித்தனம் என்று ஒரே சொல்லில் தட்டிக் கழிக்க எமக்கு மனம் வரவில்லை. எம்மவர் வாழ்வில் மணிக்கூட்டுக்கு எப்போதுமே தனி இடம் இருந்து வந்திருக்கிறது. பரீட்சையில் தேறிய பிள்ளைக்கு மாமன் கொடுக்கும் பரிசும், மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு சேர்த்துப் பேசப்படுவதும் அதுவே. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவரின் கையில் செய்கோவோ சிற்றிசனோ மின்னினால் ஊரே திரும்பிப் பார்த்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்காக முகாமிலும் அலுவலக வரிசையிலும் நின்ற ஒருவர், 'நானும் ஒரு மனிதன்' என்று தன் கையைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள விரும்புவதில் தவறில்லை.

ஆயினும், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆகவே இருவரும் கணக்குப் பார்த்தோம். ஜெனிவா மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு நவம்பரில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, அது மணிக்கு 23 பிராங்காக இருந்தது. அந்தக் கணக்கின்படி 6,000 பிராங் என்பது ஏறத்தாழ 260 மணி நேர உழைப்பாகும். வாரத்துக்கு 42 மணி நேரம் வேலை எனக் கொண்டால், ஆறு வாரங்களுக்கும் மேல். அதுவும் வரி, காப்புறுதி, வாடகை எதையும் கழிக்காமல்! நேரத்தைக் காட்டும் பொருளின் விலையை நேரத்தாலேயே அளந்து பார்ப்பது பொருத்தமானது அல்லவா?

இனி, அந்தப் பணம் எதை வாங்கித் தருகிறது என்று பார்ப்போம். சரியான நேரத்தை அல்ல என்பதுதான் பலருக்கு வியப்பளிக்கும் உண்மை. குவாட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு இயங்கும் முதலாவது விற்பனைக் கைக்கடிகாரத்தை யப்பானின் செய்கோ நிறுவனம் 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி வெளியிட்டது. அதன் விலை 450,000 யென். அன்று அந்நாட்டில் ஒரு சிறிய கார் வாங்கப் போதுமான தொகை அது. பின்னர் அதே தொழில்நுட்பம் மிக மலிந்தது. 1989இல் அறிமுகமான கசியோவின் எஃப்-91டபிள்யூ என்ற பிளாஸ்ரிக் கடிகாரம் இன்றும் சில பத்து பிராங்குகளுக்குள் கிடைக்கிறது. மாதத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகாது. ஒரு பற்றரி ஏழு ஆண்டுகள் வரை உழைக்கும். மறுபுறம், சுவிஸ் நாட்டின் சோதனை நிலையத்தில் நற்சான்று பெற்ற விலையுயர்ந்த பொறிக் கடிகாரமொன்று, நாளொன்றுக்கு நான்கு விநாடி பிந்தவோ ஆறு விநாடி முந்தவோ அனுமதிக்கப்படுகிறது. மாதக் கணக்கில் அது மூன்று நிமிடம் வரை சென்றுவிடலாம்!

நேரங்காட்டும் போட்டியில் சுவிஸ் தொழில் தோற்றதன் விளைவு சிறிதல்ல. 1970 அளவில் அத்தொழிலில் இருந்த ஏறத்தாழ 90,000 பேர், எண்பதுகளின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்களவாகக் குறைந்தனர். அதிலிருந்து அது மீண்ட வழி கவனிக்கத்தக்கது. 1983 மார்ச்சில் வெளிவந்த சுவாட்ச், 51 பாகங்களே கொண்ட மலிவான பிளாஸ்ரிக் கடிகாரம். ஆனால் அது உடைக்கேற்ற நிறமாக, மனதுக்குப் பிடித்த கோலமாக விற்கப்பட்டது. விலை கூடிய பொறிக் கடிகாரங்களோ கைவினையாகவும் கௌரவமாகவும் விற்கப்பட்டன. அதாவது, நேரத்தை விற்க முடியாத தொழில் விருப்பத்தை விற்றுப் பிழைத்துக்கொண்டது. விருப்பத்துக்கு விலை கொடுப்பது குற்றமல்ல. அதைத் தேவை என்று எண்ணிக் கடன்படுவதே தவறு.

"விற்றால் காசுதானே, அதுவும் ஒரு சொத்து" என்று வாதிடுவோரும் உளர். சில அரிய வகைகளைத் தவிர, பெரும்பாலான கடிகாரங்கள் கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கிவிடுகின்றன. மேலும், அகதியின் சொத்துக்கு வேறு கண்களும் உண்டு. டென்மார்க் நாடாளுமன்றம் 2016 ஜனவரியில் நிறைவேற்றிய சட்டம், தஞ்சம் கோருவோரிடம் 10,000 குறோணருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள உடைமைகளைப் பறிமுதல் செய்ய இடமளித்தது. திருமண மோதிரம் போன்ற உணர்வுபூர்வமான பொருட்களுக்கே விலக்கு. எமக்கு எது அருமையானது என்பதை அதிகாரி ஒருவர் தீர்மானிக்கும் நிலை அது.

வாங்க எண்ணுவோர் சிலவற்றைக் கவனிப்பது நல்லது. '30 மீற்றர்' என்று பொறித்திருந்தால் மழைத்துளியைத் தாங்கும் என்றுதான் பொருள். நீந்துவதற்கு '100 மீற்றர்' வேண்டும். பாத்திரம் கழுவும் வேலையில் இருப்போருக்கு இது முக்கியம். சஃபையர் கண்ணாடியில் இலகுவில் கீறல் விழாது. பூச்சுப் பொன்னைவிடத் துருப்பிடியாத உருக்கு நெடுநாள் உழைக்கும். 'சுவிஸ் தயாரிப்பு' என்ற சொல்லுக்கு, 2017 முதல் உற்பத்திச் செலவில் 60 வீதமாவது சுவிஸ் நாட்டில் ஆகியிருக்க வேண்டும் என்பதே சட்டம். முழுவதும் அங்கே செய்யப்பட்டது என்று பொருளல்ல. பொறிக் கடிகாரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துப்புரவுச் செலவும் உண்டு. விலையுயர்ந்த பெயர்களில் அது நூற்றுக்கணக்கான பிராங்குகளை எட்டும்.

எமது கையில் இருப்பது மலிவான குவாட்ஸ் கடிகாரம். அதிகாலை வேலைக்கு அது எம்மை ஒருநாளும் பிந்த விட்டதில்லை. ஆனால் எமது தெரிவே எல்லோருக்கும் தெரிவாக வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம்.

இரு மாதங்களின் பின் அந்த இளைஞரை மீண்டும் சந்தித்தோம். முகவர் கடனின் இறுதிப் பகுதியை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். கையில் ஒரு செய்கோ. பற்றரி இல்லாமல், கையசைவிலேயே தானாக முறுக்கேறும் வகை. விலை 300 பிராங்குக்கும் குறைவு, அதாவது இரண்டு நாள் உழைப்புக்கும் உட்பட்டது. ஊரில் அவரது தகப்பனார் கட்டியிருந்ததும் இதே வகைதானாம். நாளுக்குச் சில விநாடிகள் முந்துகிறது என்றும், ஞாயிறு தோறும் கைத்தொலைபேசியைப் பார்த்துத் திருத்திக்கொள்வதாகவும் சொன்னார்.

அதைக் குறையாக அவர் சொல்லவில்லை. நாமும் அவ்வாறு கருதவில்லை.