மலருக்கு எந்த எண்?

சேலம், நாமக்கல் பகுதிகளில் மலரோ இதழோ வெளியிட முனையும் நம் இளைஞர்கள், "எந்த எண் பெறுவது?" என வினவுகின்றனர்.

ஒருமுறை மட்டும் வரும் விழா மலர் நூலுக்கு ஒப்பானது. அதற்கு 13 இலக்க ஐ.எஸ்.பி.என். பொருந்தும். ஆண்டுதோறுமோ திங்கள்தோறுமோ தொடர்ந்து வருவதற்கு 8 இலக்க ஐ.எஸ்.எஸ்.என். உரியது. புதுதில்லியிலுள்ள தேசிய மையம் இதனைக் கட்டணமின்றி வழங்குகிறது. அச்சிதழுக்கும் இணைய இதழுக்கும் தனித்தனி எண் வேண்டும். இதழின் பெயரை அடியோடு மாற்றினால் புதிய எண் பெறல் வேண்டும். பத்திரிகைப் பதிவு இதனின் வேறானது.

ஐ.எஸ்.எஸ்.என். அடையாளமேயன்றித் தரச்சான்று அன்று. அதனைக் காட்டி, "உடனே வெளியிடுகிறோம், பணம் அனுப்புக" என்பாரிடம் ஆய்வு மாணவர்களாகிய நம் பிள்ளைகள் ஏமாறலாகாது. பணம் செலுத்துமுன் இதழை வாங்கிப் படித்துப் பார்க்கும்படி அவர்களுக்கு எடுத்துரைப்பீர்களாக!